பிட்டு அவியும் நேரத்தில் ஒரு புதிர்: அட்வெஞ்சர் கேமும் வீட்டுச் சமையலும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்றால் லப்டொப்பை டிவியில் கொழுவிவிட்டு, சின்னம்மாவின் பிள்ளைகளும் ஒழுங்கைப் பிள்ளைகளுமாக ஆறேழு பேர் பாயில் இருப்போம். ஒருவர் மவுஸைப் பிடிப்பார். மற்றவர்கள் "அந்தக் கதவத் திற", "அந்தக் கயித்த எடு" என்று கத்துவார்கள். குசினியில் ஏதாவது அவிந்துகொண்டிருக்கும். இப்படி நாலு வருசமாக நடக்கிறது. வருகிறவர்களும், அவர்களைக் கூட்டிப்போக வரும் தாய்மாரும், கல்முனையிலிருந்து போன் எடுக்கும் சொந்தக்காரரும் ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

அட்வெஞ்சர் கேம் எண்டா பப்ஜி, ஃப்ரீ ஃபயர் மாதிரித்தானே?

இல்லை. அவை ஆளோடு ஆள் மோதும் போட்டி. எதிரில் நிற்பதும் எங்கேயோ இருக்கும் ஒரு மனிசன்தான், அதனால் நடுவில் நிறுத்த முடியாது. அட்வெஞ்சர் கேம் கதையும் புதிரும். ஓர் இடத்துக்குப் போவீர்கள், சுற்றிப் பார்ப்பீர்கள், கண்ணில் பட்டதைப் பையில் போடுவீர்கள், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று பையைக் கிளறுவீர்கள். நீங்கள் யோசித்து முடிக்கும்வரை அது அப்படியே காத்துக்கொண்டு நிற்கும்.

இந்தப் பெயர் வந்ததே ஒரு தகப்பனால்தான். வில் க்ரௌதர் என்ற அமெரிக்கர் குகைகளுக்குள் இறங்கி வரைபடம் போடும் பழக்கமுள்ளவர். கென்டக்கியின் மாமத் குகையை மனதில் வைத்து, தன் மகள்மார் விளையாட 1976இல் எழுத்து மட்டுமே உள்ள ஒரு கேமை எழுதினார். அடுத்த வருடம் டொன் வூட்ஸ் அதைப் பெருப்பித்தார். அதன் பெயர் 'அட்வெஞ்சர்'. பிறகு வந்தவற்றுக்கெல்லாம் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. 1984இல் 'கிங்ஸ் குவெஸ்ட்', 1990இல் 'மங்கி ஐலன்ட்', 1993இல் 'மிஸ்ட்' எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஓட்டம், பாய்ச்சல், சண்டை எல்லாம் சேர்ந்த 'டூம் ரைடர்' (1996) போன்றவை அக்ஷன் அட்வெஞ்சர். நான் இங்கே பெரும்பாலும் பேசுவது யோசித்து விளையாடும் முதல் வகையை.

அதுக்கும் சமையலுக்கும் என்னகா சம்பந்தம்? ரெண்டையும் ஏன் ஒண்டாப் போட்டுக் குழப்புறீங்க?

குழப்பவில்லை, இரண்டிலும் ஒரே மூளைதான் வேலை செய்கிறது. மாதக் கடைசியில் அலுமாரியைத் திறந்து, அரைப் போத்தல் பயறு, ஒரு முருங்கைக் கொப்பு, இரண்டு முட்டை, கொஞ்சம் தேங்காய்ப்பூ இருக்கிறதைப் பார்த்து இன்றைய சாப்பாட்டை முடிவுசெய்கிறீர்களே, அதே வேலையைத்தான் 'மங்கி ஐலன்ட்' பையோடு நின்று செய்யச் சொல்கிறது. அங்கே ஒரு ரப்பர் கோழிக்கும் பயன் இருக்கிறது.

இன்னொரு காரணம் சோம்பல். முன்பெல்லாம் கேம் விளையாடினால் நான் சமைப்பதில்லை, சந்திக் கடையில் கொத்துதான். இப்போது பிட்டு அவியும் பத்து நிமிடமும் கடலை வேகும் முக்கால் மணித்தியாலமும்தான் என் விளையாட்டு நேரம். அடுப்பை மூட்டினால்தான் கேமைத் திறக்கலாம் என்பது எனக்கு நானே போட்ட சட்டம்.

எங்கிட்ட பழைய லப்டொப்பும் சாதாரண போனும்தான் இருக்கு. எதுல தொடங்குற?

அது போதும். அட்வெஞ்சர் கேமில் பழையவைதான் நல்லவை என்று சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. 'ஸ்கம்விஎம்' என்ற இலவச மென்பொருளைப் போட்டால் பழைய கேம்கள் ஓடும், அண்ட்ரொய்ட் போனிலும் ஓடும். 1994இல் வந்த 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' 2003இலிருந்து சட்டப்படியே இலவசம். 'ஃப்ளைட் ஒஃப் த அமேசன் குயின்' என்பதும் அப்படித்தான்.

கொஞ்சம் புதுசாக வேண்டுமென்றால் 'மெஷினேரியம்' (2009). செக் நாட்டு அமானிடா டிசைன் செய்தது, தகரத்தில் செய்த சின்ன ரோபோவின் கதை. ஒரு ஜிபியும் வராது. பெரிய அக்ஷன் அட்வெஞ்சர்கள் சில 100 ஜிபியையும் தாண்டும், அவற்றை ரீலோட் டேட்டாவில் இறக்கப் பார்க்காதீர்கள். நள்ளிரவுக்குப் பின் தனி டேட்டா தரும் பக்கேஜ் இருந்தால் இரவில் போட்டுவிட்டுப் படுங்கள்.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா ஓடாது. கதை விளங்காட்டி என்ன செய்ற?

எழுத்தே இல்லாத கேமிலிருந்து தொடங்குங்கள். மேலே சொன்ன 'மெஷினேரியம்' முழுவதிலும் வசனம் இல்லை. யார் என்ன நினைக்கிறார் என்பது தலைக்கு மேல் குமிழியில் படமாக வரும். எங்கள் வீட்டுக்கு வரும் ஆறு வயதுப் பிள்ளையும் அறுபது தாண்டிய என் மாமியும் அதைப் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். மாமிதான் முதலில் கண்டுபிடித்தா, பூனையைப் பிடிக்க என்ன செய்ய வேண்டும் என்று. 'ஜேர்னி' (2012), 'கிரிஸ்' (2018) இரண்டிலும் பேச்சு இல்லை.

அதற்குப் பிறகு வசனம் உள்ளதற்கு வாருங்கள். அட்வெஞ்சர் கேமில் வசனம் நீங்கள் தட்டும்வரை நிற்கும், ஆகவே விளங்காத சொல்லைப் போனில் தேடிப் பார்க்க நேரம் உண்டு. என் தம்பிக்கு 'சாவி', 'நெம்புகோல்', 'கயிறு', 'கப்பி' என்பவற்றின் ஆங்கிலச் சொல்லெல்லாம் இப்படித்தான் வந்தது. சோதனையில் வராத சொற்கள்தான், ஆனால் மறக்காத சொற்கள்.

காசு குடுத்து வாங்கிப் பிடிக்காமப் போனா?

ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கினால், வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். விலை நமக்கு டொலரில் காட்டும், வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்துவிட்ட கார்ட் வேண்டும். அவசரப்படாமல் விருப்பப்பட்டியலில் போட்டு வையுங்கள், விலைக்கழிவு வரும்போது அதுவே அறிவிக்கும். 'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' கேமின் முதல் பகுதி இலவசம், ருசி பார்க்க அது நல்லது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சில நல்ல கேம்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே முடிந்துவிடும். முழுவதையும் முடித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்பது, வயிறு நிறையத் தின்றுவிட்டு "கறி சரியில்ல" என்று கடைக்காரரிடம் காசு கேட்கிற வேலை. செய்யாதீர்கள்.

வெளையாடக்குள்ள கொறிக்க என்ன செய்யலாம்? ரோல்ஸும் சோடாவும் வாங்கி வாங்கி வயிறு வந்திட்டு.

முதலில் ஒரு நடைமுறைப் பிரச்சினை. நாம் சாப்பிடுகிற கையும் மவுஸ் பிடிக்கிற கையும் ஒன்று. ரோல்ஸ் தின்ற கையால் கொன்ட்ரோலரைப் பிடித்தால் பொத்தான் இரண்டு மாதத்தில் ஒட்டத் தொடங்கும். ஆகவே எங்கள் வீட்டில் சட்டம்: எண்ணெய் வடியாதது, கறி இல்லாதது, கரண்டியால் அள்ளக்கூடியது.

அவித்த கடலை, கௌப்பி, பயறு மூன்றும்தான் எங்கள் முதல் தெரிவு. இரவே ஊறப்போட்டு, காலையில் நீரை ஊற்றிவிட்டு, புதுநீரில் அவித்து, வடித்து, செத்தல் கொச்சிக்காயும் கறிவேப்பிலையும் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்துக் கொட்டி, மேலே தேங்காய்ப்பூ. கடைசியில் தேசிக்காய் பிழிந்தால் உப்பு பாதி போதும். இதைச் சும்மா சொல்லவில்லை. புளிப்பு இருந்தால் நாக்கு உப்பைத் தேடாது, செய்து பாருங்கள். மாங்காய்க் காலத்தில் மாங்காய், மற்ற நாளில் வெள்ளரிக்காய். மரமுந்திரிகைக் கொட்டை நல்லதுதான், ஆனால் ஒரு கைப்பிடியோடு நிற்க வேண்டும். புதிர் கடினமாக இருந்தால் கை தானாகப் போகும், ஆகவே போத்தலைப் பக்கத்தில் வைக்காதீர்கள், கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

சோடாவுக்கு வருவோம். போத்தலில் நிறப்பொட்டு ஒன்று இருப்பதைக் கண்டிருப்பீர்கள். 2016இலிருந்து இலங்கையில் அது சட்டம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் குறைந்தால் பச்சை. எங்கள் பிள்ளைகள் இப்போது கடையில் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பொட்டைத் தேடுகிறார்கள், கடைக்காரருக்குத்தான் எரிச்சல். வீட்டில் மோர் அடியுங்கள். நல்ல எருமைத் தயிர் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு சோடா குடிப்பது எனக்கு விளங்காத விசயம். தயிரில் கொழுப்புக் கூட, அதனால் ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர், சின்ன வெங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை.

அடுப்புல வச்சிட்டு வெளையாடலாம்தானே? நீங்க அப்படித்தானே செய்றீங்க?

செய்கிறேன். செய்து ஒரு பானையையும் கருக்கியிருக்கிறேன். இரண்டு வருசத்துக்கு முன், 'மெஷினேரியம்' தொடக்கத்தில் பாலம் இறக்கும் புதிரில் இருந்தேன். அடுப்பில் பயறு. காதில் ஹெட்போன். "அஞ்சு நிமிசம்" என்று நினைத்தது நாற்பது நிமிசம். மணத்தை முதலில் பிடித்தது நானில்லை, மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு அன்ரி. "புள்ள, ஏதோ கருகுது" என்று கத்தினது ஹெட்போனுக்குள்ளால் கேட்கவில்லை, அவ கேற்றைத் தட்டித்தான் நான் எழும்பினேன். பயறு கரியாகி அடியோடு ஒட்டிவிட்டது. பழப்புளி போட்டு மூன்று நாள் ஊறவைத்துச் சுரண்டினோம். அடியில் ஒரு கறுப்பு வட்டம் இன்னும் இருக்கிறது, பாலம் என்றுதான் அந்தப் பானைக்கு வீட்டில் பெயர்.

அதற்குப் பிறகு சமையலை இரண்டாகப் பிரித்தேன். காத்திருக்கும் சமையல்: பிட்டு, இடியப்பம், கஞ்சி, கடலை, ரைஸ் குக்கர் சோறு. ரைஸ் குக்கர் தானே நிற்கும், அதைவிட நல்ல கூட்டாளி இல்லை. காத்திருக்காத சமையல்: பொரியல், தாளிப்பு, தேங்காய்ப்பால் விட்ட கறி. பால் திரையும், எண்ணெய் தீப்பிடிக்கும். இரண்டாவது வகை அடுப்பில் இருந்தால் கேம் மூடித்தான் இருக்க வேண்டும், பேச்சில்லை. முதல் வகையென்றாலும் ஹெட்போன் கூடாது, போனில் அலாரம் வைக்க வேண்டும். அலாரம் அடித்தால் "இந்தப் புதிரை முடிச்சிட்டு" என்று சொல்லக்கூடாது. கேம் நிற்கும் என்று முதல் கேள்வியிலேயே சொன்னேனே, அதற்குத்தான்.

குரக்கன் பிட்டு செய்தா எனக்குக் களியாப் போகுது. என்ன பிழை?

தண்ணீர். பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான். குரக்கன் (கேழ்வரகு) மா அரிசி மா குடிக்கிற அளவு தண்ணீர் குடிக்காது, நாமோ பழக்கத்தில் ஊற்றிவிடுகிறோம். தொடக்கத்தில் தனிக் குரக்கன் வேண்டாம். வறுத்த சிவப்பரிசி மா ஒரு சுண்டு, குரக்கன் மா அரைச் சுண்டு. உப்பு போட்டுக் கொதித்த நீரை ஒரு நிமிடம் ஆறவிட்டு, கையால் தெளித்துத் தெளித்துக் குழையுங்கள். ஊற்றவே கூடாது. பிடித்தால் கட்டியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். பிறகு சில்வர் டம்ளரின் விளிம்பால் கொத்துங்கள். டக் டக் என்ற அந்தச் சத்தம் மாறும், கவனித்துக் கேளுங்கள். கட்டி உடைய உடைய சத்தம் மெத்தென்று ஆகும்.

தேங்காய்ப்பூவில் பாதியை மாவோடு கலந்து, மீதியை நீத்துப்பெட்டிக்குள் (பிட்டு அவிக்கும் ஓலைப் பெட்டி) இடையிடையே போடுங்கள். அமத்தக்கூடாது. அமத்தினால் ஆவி ஏறாது, நடு பச்சையாக இருக்கும். கூரான பெட்டியின் மேல்பக்கத்தால் ஆவி நன்றாக வரத் தொடங்கினதிலிருந்து பத்து, பன்னிரண்டு நிமிடம். 100 கிராம் குரக்கனில் சுமார் 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது, தானியங்களில் அது பெரிய அளவு. கூட மீன் ஆணமும் முருங்கையிலைச் சுண்டலும் இருந்தால் வேறொன்றும் வேண்டாம். சீனியும் வாழைப்பழமும் போட்டுத்தான் பிட்டு என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, சீனியைக் குறையுங்கள், பழம் போதும்.

தமிழ்ச் சமையலை வச்சே ஒரு கேம் இருக்காமே, உண்மையா?

உண்மை. பெயர் 'வெண்பா'. டொரன்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 1980களின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன ஒரு தம்பதி, அவர்களுக்குப் பிறக்கும் மகன், தாயின் கிழிந்து அழிந்த சமையல் கொப்பி. கொப்பியில் அழிந்த இடத்தை ஊகித்துச் சமைப்பதுதான் புதிர். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் முதல் படைப்புக்கான விருது கிடைத்தது. ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடித்துவிடலாம். (திருப்பிக் கேட்பதைப் பற்றி மேலே சொன்னதை நினைவில் வையுங்கள்.)

அதில் வரும் பிட்டு குழலில் அவிக்கிறது. எங்கள் பாயில் அன்றைக்குப் பெரிய கலவரம். "இதென்ன பிட்டு, குழாய்க்குள்ள?" என்று மாமி. நீத்துப்பெட்டியைக் கொண்டுவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டா. மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறிப் போடுவது மட்டும் ஒன்று என்று கடைசியில் ஒத்துக்கொண்டா. பிறகு அந்த மகன் தாயிடம் தமிழில் பேசாமல் போகிற இடம் வந்தது. லண்டனில் பேரப்பிள்ளைகள் இருக்கிற மாமி அதற்குப் பிறகு பேசவேயில்லை.

கேமுக்குள்ள சமைக்கிறத வீட்டுல செய்து பாக்கலாமா?

செய்யலாம், ஆனால் மருந்து என்று நம்பாதீர்கள். 2017இல் வந்த 'செல்டா: ப்ரெத் ஒஃப் த வைல்ட்' அக்ஷன் அட்வெஞ்சர்தான், என்றாலும் அதில் சமையல் நல்ல பகுதி. சட்டிக்குள் ஐந்து பொருள்வரை போடலாம். காளான், மீன், பழம் எது எதோடு சேருகிறது என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வாததைச் சேர்த்தால் பார்க்கவே கூசும் ஒரு சாப்பாடு வரும், கேமே அதை மங்கலாக்கித்தான் காட்டும்.

நாங்கள் இதிலிருந்து எடுத்தது அந்த ஐந்து என்ற கணக்கை. பிள்ளைகளுக்கு ஒரு போட்டி: உப்பு, தூள், தாளிதம் தவிர ஐந்து பொருளுக்குள் ஒரு கறி. வென்றது நெத்தலி, தக்காளிப்பழம், மாங்காய், பச்சைக்கொச்சிக்காய், சின்ன வெங்காயம். தோற்றது எது என்று சொன்னால் அந்தப் பிள்ளை இனி வீட்டுக்கு வராது. பாகற்காயும் அன்னாசியும் இருந்தது, அதோடு விடுகிறேன்.

தேங்காய்ப்பால் கொழுப்பு, சோறு சீனி எண்டுறாங்க. அப்ப நம்மட சாப்பாட்டுல ஹெல்தி எண்டு என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது, நாம்தான் அளவை மாற்றிவிட்டோம். கோப்பையில் மலைபோல் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி கீரை. இதைத் திருப்பிப் போடுங்கள். பாதிக் கோப்பை கீரையும் மரக்கறியும், கால்வாசி சிவப்பரிசிச் சோறு, கால்வாசி மீனோ பருப்போ. அதே குசினி, அதே சாமான்.

தேங்காயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்பது சரி. முதல் பாலை எல்லாக் கறிக்கும் விடாமல் ஒரு கறிக்கு மட்டும் விடுங்கள், மற்றதைச் சுண்டலாகவோ தண்ணீர்க் கறியாகவோ வையுங்கள். நான் தேங்காயைவிடப் பயப்படுவது உப்புக்கு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது, தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், பக்கெட் நூடில்ஸ் மூன்றும் ஒரே நாளில் வந்தால் கணக்குத் தாண்டிவிடும். பக்கெட்டில் சோடியம் என்று போட்டிருக்கும் எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். நீரிழிவோ பிரஷரோ இருந்தால் என்னை விட்டுவிட்டு கிளினிக்கில் கேளுங்கள்.

ஒரு எடத்துல மூணு நாளா சிக்கிட்டன். யூடியூப்ல பதில் பாத்தா தப்பா?

தப்பில்லை. மீன் ஆணத்தில் உப்புக் கூடினால் அம்மாவுக்குப் போன் எடுக்கிறோமே. ஆனால் முதலிலேயே எடுப்பதில்லை, உருளைக்கிழங்கு போட்டுப் பார்க்கிறோம், தண்ணீர் விட்டுப் பார்க்கிறோம். புதிரையும் ஒரு இரவு விட்டுப் பாருங்கள். தேங்காய் துருவும்போது எனக்கு வந்த விடைகளைக் கணக்கெடுத்தால் தனிப் பக்கம் போகும். 'மெஷினேரியம்' கேமுக்குள்ளேயே விடைப் புத்தகம் ஒன்று இருக்கிறது, அதைத் திறக்க ஒரு சின்ன விளையாட்டை விளையாட வேண்டும். அலுப்பான விளையாட்டு. உண்மையாகவே தேவைப்பட்டவர்தான் திறப்பார்.

மகன் எந்த நேரமும் கேம்தான். ஒரு நாளைக்கு எத்தின மணித்தியாலம் விடலாம்?

இதைத்தான் தாய்மார் கூடக் கேட்கிறார்கள். எல்லாருக்கும் பொருந்தும் ஒரு எண் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது: 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். பெரிய பிள்ளைகளில் மணித்தியாலத்தைவிட வேறு மூன்றைப் பாருங்கள். நிறுத்த முடியாமல் இருப்பது, சாப்பாடு, படிப்பு, கூட்டாளிமார் எல்லாவற்றையும்விடக் கேம் முன்னுக்கு வருவது, கெடுதல் வந்தும் விடாமல் தொடர்வது. அதே நிறுவனத்தின், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறுக்குச் சொல்லப்பட்ட அடையாளங்கள் இவை. வழக்கமாக ஒரு வருடமளவு தொடர்ந்தால்தான் அப்படிச் சொல்வார்கள். ஒரு கிழமை லீவில் விடிய விடிய விளையாடினான் என்பது நோய் இல்லை.

போனைப் பறிப்பதற்கு முதல் என்ன விளையாடுகிறான் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். நடுவில் நிறுத்த முடியாத கேமில் இருக்கும் பிள்ளையை "இப்பவே வா" என்றால் சண்டைதான் வரும், அவன் தோற்றுவிடுவான். நிறுத்தக்கூடிய கேமுக்கு மாற்றினால் பாதிச் சண்டை குறையும். கேம் பெட்டியில் 3, 7, 12, 16, 18 என்று போட்டிருக்கும் எண் வயது, கடினத்தின் அளவு இல்லை. அப்புறம், குசினியில் ஒரு வேலை கொடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பிப் பானையைப் பார்க்கிற பிள்ளையின் கண்ணுக்கும் ஓய்வு கிடைக்கும்.

மழைக்குக் கறன்ட் போனா வெளையாடினது எல்லாம் போயிடுமா?

புதிய கேம்கள் தானாகச் சேமிக்கும், பழையவை சேமிக்காது. ஸ்கம்விஎம்மில் புதிருக்குப் புதிர் நீங்களே சேமியுங்கள். வாடைக்காற்று மழையில் இடி இருந்தால் லப்டொப், டிவி இரண்டையும் கழற்றிவிடுங்கள், பற்றரியில் விளையாடலாம். பிறிட்ஜைத் திறக்காமல் விட்டால் நாலு மணித்தியாலம் வரை குளிர் நிற்கும். மோர் எடுக்க, தயிர் எடுக்க என்று திறந்தீர்களோ, போச்சு.

நோன்பு மாசத்துல நேரம் போகல்ல எண்டு பகல் முழுக்க வெளையாடுறன். பரவாயில்லையா?

காத்தான்குடித் தம்பி ஒருவர் கேட்டது. மார்க்க விசயத்தை வாப்பாவிடமோ மௌலவியிடமோ கேளுங்கள், நான் உடம்பைப் பற்றி மட்டும் சொல்வேன். பகல் முழுக்கத் திரை என்றால் தலையிடி வரும், தண்ணீரும் குடிக்க முடியாது. பின்னேரம் உம்மாவோடு கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். நோன்புக் கஞ்சி மேலே சொன்ன காத்திருக்கும் சமையல்தான், ஆனால் தேங்காய்ப்பால் விட்ட பிறகு காத்திருக்காத சமையல், கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். இரவு தறாவீஹ் தொழுகைக்குப் பிறகு ஒரு அத்தியாயம் விளையாடிவிட்டு விடியமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பத் தக்கதாகப் படுங்கள். கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்பார்கள். அந்தத் தம்பி கொண்டுவந்து தந்த கஞ்சியைக் குடித்துக்கொண்டுதான் இந்தப் பதிலை எழுதினேன்.

நான் தனிய ரூம்ல இருக்கன். ஒம்பது மணிக்குத்தான் வேல முடிஞ்சு வாற. சமைக்கவா, வெளையாடவா?

பசியோடு கேமைத் திறந்தால் அன்றைக்கு பக்கெட் நூடில்ஸ்தான், எனக்குத் தெரியும். ஞாயிறன்று கடலையோ கௌப்பியோ ஒரேயடியாக அவித்து, ஆறினவுடன் சின்னச் சின்னப் பெட்டியாக ஃப்ரீசரில் வையுங்கள். வந்தவுடன் ஒன்றை எடுத்து முட்டையும் கங்குன் கீரையும் சேர்த்தால் பதினைந்து நிமிடச் சாப்பாடு. சமைத்த சோற்றை நம் வெக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், திரும்பச் சூடாக்கினாலும் போகாத நஞ்சு அதில் உண்டாகலாம். இரவே தண்ணீர் ஊற்றிக் காலையில் பழஞ்சோறாகத் தின்பது நம்முடைய பழைய வழி, அதற்கும் சுத்தமான பானையும் தண்ணீரும் வேண்டும்.

விளையாட்டுக்கு அத்தியாயம் அத்தியாயமாகப் போகும் கேம்களை எடுங்கள். ஒன்று முடிந்தால் மூடிவிடலாம். பத்தரைக்கு மேல் புதுப் புதிர் தொடங்கினால் நித்திரை வராது, மூளை கட்டிலிலும் கயிற்றைத் தேடும்.

மனிசன் டிவிக்கு முன்னால வெளையாடுறார், நான் குசினிக்குள்ள ஹெல்தியாச் சமைக்கிறன். இதுல எனக்கு என்னகா வெளையாட்டு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கன நாள் பதில் எழுதாமல் இருந்தேன். கேட்ட அக்கா சொன்னது சரி. "கேமும் சமையலும் நல்ல சோடி" என்று நான் எழுதிக்கொண்டு போனால், ஒருவருக்குக் கேம், மற்றவருக்குச் சமையல் என்று பிரித்துக்கொள்ளும் வீடுகள்தான் கூட. அங்கே என் அலாரமும் சட்டமும் ஒன்றுக்கும் உதவாது, அவர் "இன்னா வாறன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். மவுஸ் பிடிக்கிறவர் மாறும்போது அகப்பை பிடிக்கிறவரும் மாற வேண்டும். ஒரு புதிர், ஒரு வேலை. முதல் மாதம் என் மனிசனுக்கு வெங்காயம் உரிக்கவே ஒரு புதிரின் நேரம் போனது. நான் மவுஸைப் பிடித்தால் "அங்க இல்ல, இடப்பக்கம்" என்று குசினிக்குள்ளிருந்து சொல்லிக்கொடுப்பார். சொல்லிக்கொடுத்தால் ஒரு பாத்திரம் கூடக் கழுவ வேண்டும் என்று பிள்ளைகள்தான் தண்டம் போட்டார்கள். இப்போது வாய் திறப்பதில்லை. தேங்காய்கூடத் துருவுகிறார். சிரட்டை வரைக்கும் சுரண்டிவிடுவார், பிட்டில் அங்கங்கே கறுப்புத் தெரியும். மாமி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறா.